கம்பெனியை வில்லனாக்கிய டச்சுக்காரர்

டச்சுக்காரங்க யார்கிட்டயாவது "உங்க ஆளுங்கள்ல காலனி ஆட்சியை எதிர்த்து எழுதினது யாரு?"னு கேட்டுப் பாருங்க. யோசிக்கவே மாட்டாங்க. முல்டாட்டூலி. 1860-ல் வந்த 'மாக்ஸ் ஹாவலார்' நாவல். பள்ளிக்கூடத்துலயே படிக்க வெச்சுடறாங்க. ஜாவாக்காரனை எப்படிப் பிழிஞ்சு காப்பி எடுத்தோம்னு எங்க ஆளே எழுதிட்டார் பாருங்கனு பெருமையா வேற சொல்லுவாங்க.

அதெல்லாம் சரிதான். ஆனா அந்த நாவலுக்கு 91 வருசம் முன்னாடியே, அதாவது 1769-லேயே, ஒரு டச்சுக்காரர் ஒரு நாடகம் எழுதி அச்சுப் போட்டிருக்கிறார். அதில் நல்லவர்கள் எல்லாம் ஜாவாவின் பான்டன் அரண்மனையில் இருக்கிறார்கள். வில்லன், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. பேர் 'ஆகோன், பான்டன் சுல்தான்'. எழுதினவர் ஒன்னோ ஸ்வீர் ஃபான் ஹாரன். இவரைப் பத்திக் கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்ச மீதிப் பேர், "ஓ, அந்த ஆளா?"னு ஒரு மாதிரி முகத்தைச் சுளிப்பாங்க. ஏன் சுளிக்கறாங்கங்கிறதுதான் இந்தக் கதையோட நடுப்பகுதி. பொறுங்க, வரேன்.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடலாம். பிறந்தது 1713-ல், நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் தலைநகரம் லேவார்டனில். ஃப்ரீஸ்லாந்துக்குத் தனி மொழி, தனி ரோஷம். இன்னிக்கும் அங்க ஊர்ப் பலகைகள்ல ரெண்டு மொழியில் பேர் எழுதியிருக்கும். ஃபான் ஹாரன் குடும்பம் தலைமுறை தலைமுறையாய் அந்த மாகாணத்தின் பெரிய வீட்டுக் குடும்பம். அண்ணன் வில்லெமும் கவிஞர்தான். சொல்லப் போனா அண்ணன்தான் முதல்ல பேர் வாங்கினவர்; வோல்டேரே அவரைப் புகழ்ந்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார். தம்பிக்கு அப்போ கவிதைமேல அவ்வளவு ஆசை இருந்த மாதிரி தெரியலை. அவருக்கு அரசியல்.

இளவயசுலேயே வெஸ்ட்ஸ்டெல்லிங்வெர்ஃப் என்ற பகுதிக்கு (பேரை ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, தண்ணி குடிக்கணும் :-)) 'கிரீட்மான்' ஆகிவிட்டார். இது ஃப்ரீஸ்லாந்துக்கே உரிய பதவி. நம்ம ஊர் கணக்குல தாசில்தாரும் அவரே, நீதிபதியும் அவரே. வரி விவகாரமும் அவர்கிட்ட வரும், வாய்க்கால் வரப்பு வழக்கும் அவர்கிட்ட வரும். அந்தக் காலத்து டச்சு மேட்டுக்குடியில் ஒருத்தர் சட்டம், நிர்வாகம் ரெண்டையும் கத்துக்கிற பள்ளிக்கூடம் இதுதான். இதுலேர்ந்து மேலே ஏறி ஹேக் நகரத்தில் நாட்டின் மைய சபைக்கு ஃப்ரீஸ்லாந்தின் பிரதிநிதியாகப் போய்ச் சேர்ந்தார்.

மேலே ஏறினதுக்குத் திறமை ஒரு காரணம். இன்னொரு காரணம் நட்பு. அப்போ நெதர்லாந்து ராஜா இல்லாத குடியரசு. ஆனா 'ஸ்டாட்ஹவுடர்'னு ஒரு பதவி உண்டு, ராஜா மாதிரி, ஆனா ராஜா இல்லை. ஆரஞ்சு வம்சத்து நான்காம் வில்லெம் முதலில் ஃப்ரீஸ்லாந்து பக்கம்தான் ஸ்டாட்ஹவுடராக இருந்தார். 1747-ல் எல்லா மாகாணங்களுக்கும் அவரே ஸ்டாட்ஹவுடர் ஆனார். ஃபான் ஹாரன் அவருடைய ஆள், நெருக்கமான ஆள். இங்க ஒரு விசயத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. 1749-ல் இதே நான்காம் வில்லெமைத்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தலைவராக்கினார்கள். பின்னாளில் எந்தக் கம்பெனியை மேடையில் வில்லனாக்கினாரோ, அந்தக் கம்பெனியின் உச்சியில் உட்கார்ந்திருந்தவரின் வீட்டு மனுசர் இவர். பதவியில் இருந்த காலத்தில் கம்பெனியைப் பத்தி இவர் முணுமுணுத்ததாக நான் படித்ததில் எங்கேயும் இல்லை.

1751-ல் வில்லெம் செத்துப் போனார். பிள்ளைக்கு மூணு வயசு. அவருடைய மனைவி ஆன்னா (இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜின் மகள்) பிள்ளைக்குப் பதிலாக ஆட்சியைக் கவனித்தார். ஆன்னாவும் 1759 ஜனவரியில் போய்விட்டார். பத்து வயசுப் பையனுக்கு யார் காவலர் என்ற கேள்வியில் பிரன்ஸ்விக் பிரபு லூட்விக் எர்ன்ஸ்ட் முன்னுக்கு வந்தார். ஃபான் ஹாரனும் அரண்மனையில் செல்வாக்கோட இருந்தவர். ஒரே உறையில ரெண்டு கத்தி.

1760 பிப்ரவரி. எல்லாம் ஒரே அடியில் இடிஞ்சு விழுந்தது.

இடிச்சது பிரன்ஸ்விக் பிரபு இல்லை, வீட்டுக்குள்ள இருந்தவங்க. மூத்த மருமகன் ஃபான் சாண்டிக், இன்னொரு மகள் கரோலினாவைக் கட்டிக்கப் போகிற வில்லெம் ஃபான் ஹோகண்டார்ப், இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து மாமனார்மேல ஒரு குற்றச்சாட்டை வெச்சாங்க: பெற்ற மகள்களிடமே தப்பாக நடந்துகொண்டார். மகள்கள் அப்படிச் சொன்னார்கள். ஹேக்கில் அவர்முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், ஹேக்கை விட்டுப் போய்விடுகிறேன் என்ற மாதிரியான காகிதம். அவர் கையெழுத்துப் போட்டார். ஊரை விட்டும் போனார்.

போன பிறகு பேச்சை மாத்தினார். மிரட்டி வாங்கின கையெழுத்து அது, எல்லாம் என் அரசியல் எதிரிகளின் வேலை, மருமகன்கள் வெறும் கருவி என்றார். சட்டம் தெரிந்த மனுசர் இல்லையா, நீளமாக ஒரு எதிர்வாதம் எழுதி அச்சடித்தார். அந்தப் பக்கமும் சும்மா இருக்கலை, பதிலுக்கு அச்சடிச்சாங்க. ஒரு குடும்பத்தின் உள்ளறையில் நடந்ததா நடக்கலையானு தெரியாத விசயம், நாடு முழுக்க விலைக்குக் கிடைத்தது. அவர் மனைவி சாரா அவர் பக்கம் நின்னு கூடவே போனார். ஹேக்கில் இழந்த இடம் சாகிறவரைக்கும் அவருக்குத் திரும்பக் கிடைக்கலை.

இதைப் பத்தி டச்சு ஆய்வாளர்கள் 250 வருசமா அடிச்சுக்கறாங்க. அரசியல் சூழ்ச்சினு ஒரு கட்சி, உண்மைனு ஒரு கட்சி. பழைய கட்டுரைகளைப் படிச்சா ஒண்ணு கண்ணுல படும். 19-ஆம் நூற்றாண்டு பெரிய மனுசங்க பலபேர் அவரைக் காப்பாத்தத் துடிச்சதுக்குக் காரணம் சாட்சியம் இல்லை, அவர் கவிதை. இவ்வளவு நல்லா எழுதறவர் அப்படிச் செய்வாரா? என்ன லாஜிக்கோ. நல்லா எழுதறதுக்கும் நல்லவனா இருக்கறதுக்கும் என்னிக்கு முடிச்சுப் போட்டாங்க? அந்தக் காலத்தில் இப்படி ஒண்ணை வெளியே சொன்னா அந்தப் பொண்ணுங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். சொன்னாங்க என்பதையே நான் லேசா எடுத்துக்க மாட்டேன். அதே சமயம், பிரன்ஸ்விக் பிரபுவுக்கு இது எவ்வளவு வசதியா அமைஞ்சதுங்கறதையும் மறைக்க முடியாது. ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையா இருக்கலாம்.

வடக்கே லேவார்டன் போகிற ரயிலில், ஸ்வோல தாண்டி, ஸ்டேன்வைக் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் வொல்வேகா. ரெண்டு பக்கமும் பச்சைப் புல், மாடுங்க, ஒரு மேடு கிடையாது பள்ளம் கிடையாது. ஹேக்கில் அரண்மனை அரசியல் செய்தவர் மீதி 19 வருசத்தை இங்கேதான் கழித்தார். 1768-ல் அண்ணன் வில்லெம், கடன் தொல்லையும் மனக்கஷ்டமுமாக, தற்கொலை பண்ணிக்கொண்டார். அடுத்த வருசம், 56-ஆவது வயசில், தம்பி 'ஆகோன்' நாடகத்தை வெளியிடுகிறார். கவிஞர் என்று நாம் இப்போது சொல்கிற ஃபான் ஹாரன் இந்த வொல்வேகாவில் பிறந்தவர். அதற்கு முன்னால் இருந்தவர் அரசியல்வாதி.

நாடகத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி பான்டனில் நிஜமா என்ன நடந்ததுனு தெரிஞ்சுக்கணும். இது நம்ம கடற்கரையையும் தொட்டுட்டுப் போகிற கதை.

பான்டன், ஜாவாவின் மேற்கு முனை. மிளகுத் துறைமுகம். அதுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் டச்சுக்காரர்கள் 1619-ல் படேவியாவை (இன்றைய ஜகார்த்தா) பிடித்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுல ரவுடி குடிவந்த கதைதான். 1651-ல் பான்டனில் பட்டத்துக்கு வந்தவர் சுல்தான் அகெங் திர்த்தயாசா. கெட்டிக்காரர். டச்சுக்காரனோடு சண்டையும் போட்டார், சண்டை முடிஞ்சதும் அவனைவிடப் பெரிய வியாபாரமும் பார்த்தார். இங்கிலீஷ்காரன், டேனிஷ்காரன், சீனன் எல்லாரையும் துறைமுகத்தில் இடம் கொடுத்து உட்கார வெச்சார். தன் சொந்தக் கப்பல்களையே சோழமண்டலக் கரை, சூரத், செங்கடல், மணிலா வரைக்கும் அனுப்பினார். நம்ம தரங்கம்பாடி டேனிஷ்காரங்களுக்கு பான்டனில் ஒரு வியாபாரக் கிட்டங்கி இருந்தது. இங்கேயிருந்து துணி, அங்கேயிருந்து மிளகு. வாய்க்கால் வெட்டி நெல் வயல்களைப் பெருக்கினார், புது ஊர் கட்டினார். திர்த்தயாசா என்பது அவர் போய் இருந்த அந்த ஊர்ப் பேர்தான்.

பிரச்சினை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மூத்த மகன் மெக்காவுக்குப் போய் வந்தவர், அதனால் சுல்தான் ஹாஜி என்பார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே ஆட்சியில் பங்கு. அப்பாவுக்கும் மகனுக்கும் முட்டிக்கொண்டது. 1682-ல் அப்பாவின் படை மகனைக் கோட்டைக்குள் முற்றுகை போட, மகன் படேவியாவுக்கு ஆள் அனுப்பினார்: வந்து காப்பாத்துங்க. கம்பெனி இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தது! படை வந்து இறங்கியது. தளபதிகளில் ஒருவர் பேர் செயின்ட் மார்ட்டின்.

இதுல ஒரு கொடுமை பாருங்க. அதே 1682-ல் பான்டன் தூதர்கள் ரெண்டு பேர் லண்டனில் இருந்தார்கள். இரண்டாம் சார்ல்ஸ் ராஜா அவங்களுக்கு 'சர்' பட்டமெல்லாம் கொடுத்து விருந்து வைத்தார். அவங்க விருந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது ஊரில் துறைமுகம் கை மாறிப் போச்சு. ஊருக்குத் திரும்பினப்போ யாருக்காக தூது போனாங்களோ அவர் ஆட்சியே இல்லை.

அகெங் 1683-ல் பிடிபட்டார். படேவியாவில் காவலில் வைத்தார்கள், 1692-ல் அங்கேயே இறந்தார். மகன் சுல்தான் ஆனார், ஆனா விலை கொடுத்தார். மிளகு முழுக்க கம்பெனிக்கே, மத்த ஐரோப்பியர்கள் எல்லாம் வெளியே. இங்கிலீஷ்காரன் சுமத்ராவுக்கு ஓடினான். தரங்கம்பாடி டேனிஷ்காரங்களும் மூட்டை கட்டினாங்க. சுல்தானின் மருமகனும் குருவுமான மகாஸர் நாட்டு ஷேக் யூசுஃப் காட்டுக்குள்ளே போராடி 1683 கடைசியில் பிடிபட்டார். அடுத்த வருசம் அவரை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். பத்து வருசம் அங்கே இருந்துகொண்டு எழுதித் தள்ளினார். மெக்காவுக்குப் போகிற வழியில் இலங்கையில் இறங்குகிற ஜாவா, சுமத்ரா யாத்ரீகர்கள் மூலமாக அந்த எழுத்துகள் ஊர் போய்ச் சேர்ந்தன. கம்பெனி இதைக் கண்டு பயந்து 1694-ல் அவரை இன்னும் தூரமாக, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பியது. 1699-ல் அங்கே இறந்தார். அவர் இருந்த பகுதிக்கு இன்றைக்கும் மகாஸர் என்றுதான் பேர்.

(இடையில ஒரு துணுக்கு: சுல்தான் ஹாஜிக்கும் படேவியாவுக்கும் நடுவில் ஓடியாடியவர்களில் கார்டேல் என்று ஒரு டச்சுக்காரர் உண்டு. மதம் மாறி பான்டனில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி. அவருக்குக் கிடைத்த பட்டம் வீரகுணா. ஜகார்த்தாவில் மிருகக்காட்சி சாலை இருக்கிற ரகுனான் என்ற இடத்தின் பேர் அதிலிருந்து வந்தது என்கிறார்கள். நம்ம காதுக்கு வீரகுணா எவ்வளவு பழக்கமா கேக்குது!)

சரி, நாடகம். அஞ்சு அங்கம், முழுக்க செய்யுள், பிரெஞ்சு சோக நாடகப் பாணி. ஃபான் ஹாரன் ஜாவாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் எழுதும்போது சம்பவம் நடந்து 87 வருசம் ஆகிவிட்டது. அதனால் இதில் ஜாவா வாசனை எல்லாம் தேடாதீங்க. அவருடைய சுல்தான் ஆகோன், ரோமாபுரி செனட்டர் மாதிரி பேசுகிறார். வயசாச்சு, ஆட்சியை விட்டு இறங்கி ராஜ்யத்தை ரெண்டு மகன்களுக்கும் பிரிச்சுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். மூத்தவன் அப்துலுக்கு அது போதவில்லை. படேவியாவோடு சேருகிறான். இளையவன் ஹாஸன் அப்பா பக்கம். அவனைக் கட்டிக்கப் போகிறவள் ஃபாத்திமா. டச்சுக்காரர்கள் அழித்த மகாஸர் அரச குடும்பத்துப் பெண், பான்டன் அரண்மனையில் வளர்ந்தவள். முடிவு என்னனு சரித்திரம் தெரிஞ்ச உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நாடகத்தில் எனக்கு ஆச்சரியம் சுல்தான் இல்லை, ஃபாத்திமா. நாட்டை இழந்தவள் என்பதால் வரப்போவது என்னவென்று அவளுக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. முதலில் வியாபாரி என்று வருவான், அப்புறம் நண்பன் என்பான், அப்புறம் வீட்டுச் சண்டையில் பஞ்சாயத்து பண்ணுவான், கடைசியில் வீடு அவனுது. கம்பெனி ஆசியாவில் வேலை செய்த விதமே இதுதான். மகாஸரில் 1667-ல் செய்ததை பான்டனில் 1682-ல் செய்தார்கள். இதை 1769-ல், கம்பெனி இன்னும் உயிரோடு பங்கு லாபம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த லாபத்தைச் சாப்பிட்ட வர்க்கத்துக்காரர் ஒருவர், டச்சு மொழியில், டச்சு வாசகனுக்கு ஒரு ஜாவா அரண்மனைப் பெண்ணின் கண் வழியாகக் காட்டுகிறார்.

இன்னொண்ணும் பாருங்க. அதே 1769-ல் அவர் இன்னொரு பெரிய காவியத்தையும் வெளியிட ஆரம்பித்தார். பின்னாடி 'ஹய்ஸன்' என்று பேர் பெற்றது. 'பிச்சைக்காரர்கள்' என்று அர்த்தம். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் சாம்ராஜ்யத்துக்கு எதிராகக் கலகம் பண்ணிய டச்சுக்காரர்களை ஸ்பெயின் பக்கத்து ஆள் இளக்காரமாக அப்படிக் கூப்பிட, அவங்க அதையே பட்டமாக எடுத்துக்கிட்டாங்க. அந்த வீரர்களின் கதை. ஒரே மேஜை, ஒரே பேனா. ஒரு காகிதத்தில் டச்சுக்காரன் பெரிய சாம்ராஜ்யத்தை எதிர்த்து நிற்கிற சின்ன ஜனம். பக்கத்துக் காகிதத்தில் அதே டச்சுக்காரனே சாம்ராஜ்யம், எதிர்த்து நிற்பது பான்டன். இதை அவர் தெரிஞ்சுதான் செஞ்சாரானு கேட்டா, ஆமாம்னுதான் எனக்குத் தோணுது. சுதந்திரம் என்ற சொல்லை ஸ்பெயினுக்கு எதிராக டச்சுக்காரன் எந்தக் குரலில் சொன்னானோ, அதே குரலில்தான் ஆகோனும் படேவியாவுக்கு எதிராகச் சொல்கிறான்.

அப்போ இவர் காலனி எதிர்ப்புப் போராளியா? மாலையை எடுக்காதீங்க, இருங்க.

மூணு வருசம் கழிச்சு, 1772-ல், இதே ஃபான் ஹாரன் யோஹன்னஸ் காம்பௌஸ் என்பவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இந்தக் காம்பௌஸ் யார்? 1684-ல் படேவியாவின் கவர்னர் ஜெனரல் ஆனவர். பான்டனைச் சாப்பிட்ட கவர்னர் ஜெனரல் ஸ்பேல்மன் செத்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். அகெங் படேவியாவில் காவலில் இருந்த வருசங்களில் பெரும்பகுதி இவர் ஆட்சிதான். படிப்பாளி, ஜப்பான்மேல் காதல் கொண்டவர், ஆசை அதிகம் இல்லாதவர். ஃபான் ஹாரனுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். அதாவது ஃபான் ஹாரன் பார்வையில் கெட்ட ஆளுங்க கையில் கம்பெனி கெட்டது, நல்ல ஆள் கையில் நல்லது. கிழவன் சுல்தானைச் சிறையில் வைத்திருப்பவர் நல்லவரா இருந்தா சுல்தானுக்கு என்ன லாபம்னு அவர் கேட்டுக்கலை. முல்டாட்டூலியிடமும் இந்தக் குறை உண்டு. அவருக்கும் நியாயமான டச்சு ஆட்சி வந்தால் போதும்.

அடுத்தது இன்னும் சங்கடமான கேள்வி. பெற்ற பிள்ளை, வெளியாளோடு சேர்ந்து அப்பாவை நாற்காலியிலிருந்து இழுத்துப் போடுகிறான். வயசான அப்பா நல்லவர், பெருந்தன்மையானவர், துரோகத்துக்கு இலக்கானவர். இது யார் கதை? பான்டன் கதையா, 1760 ஹேக் கதையா? படிக்கிற யாருக்கும் இது தோணாமல் இருக்காது, அந்தக் காலத்து வாசகருக்கும் தோணியிருக்கும். அகெங்கின் துக்கத்துக்குள் தன் துக்கத்தை வைத்துப் பேசுகிறார் என்றால், கம்பெனிக்கு எதிரான அந்தக் கோபத்தில் எவ்வளவு பான்டனுக்கு, எவ்வளவு தனக்கு? தன்னை நிரபராதியாகக் காட்டிக்கொள்ள ஒரு ஆசிய ராஜாவின் உடையைக் கடன் வாங்கினாரோ? மகள்களுக்கு இந்த நாடகத்தில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளையின் துரோகம் மட்டும் இருக்கு. எனக்கு நாடகத்தில் பிடிக்காத இடம் இதுதான்.

ஆனா இதையும் சொல்லணும். பதவியில் இருந்தவரைக்கும் அவருக்குப் பான்டன் கண்ணில் படவில்லை. தன்னைத் தூக்கி எறிந்த பிறகுதான், தூக்கி எறியப்பட்ட இன்னொருவன் கண்ணில் பட்டான். சுயநலத்தில் வந்த பார்வைதான். இருந்தாலும் பார்த்தது தப்பில்லை. கம்பெனி செய்ததாக அவர் சொன்னதை, கம்பெனி செய்தது.

ஃபான் ஹாரன் 1779-ல் வொல்வேகாவில் இறந்தார். அவர் கதை அதோட முடிஞ்சாலும் குடும்பக் கதை முடியலை. இதைத்தான் யாரும் சேர்த்துச் சொல்றதில்லை.

மாமனார்மேல் குற்றம் சாட்டிய மருமகன் வில்லெம் ஃபான் ஹோகண்டார்ப் ஞாபகம் இருக்கா? அவர் கரோலினாவைக் கட்டிக்கிட்டு நல்லா வாழ்ந்தார், அப்புறம் பணத்தைத் தொலைத்தார். அந்தக் காலத்தில் பணத்தைத் தொலைத்த டச்சுக் கனவான்களுக்கு ஒரே மருந்து படேவியா. 1770-களில் கம்பெனி வேலைக்கு அங்கே போனார், மனைவி பிள்ளைகளை ஹாலந்தில் விட்டுட்டு. படேவியா வீடுகளில் அடிமைகளை நடத்துகிற விதத்தைப் பார்த்தார். 1780-ல் ஒரு குறுநாவல் எழுதினார். பேர் 'க்ராஸ்பூகோல்'. மலாய் மொழியில் 'ஓங்கி அடி'. அடிமைகளைக் கொடுமைப்படுத்துகிற ஒரு எஜமானிக்கு அதுவே பேர். கடைசியில் அடிமையின் கையால் சாகிறாள். மாமனாரை ஒழித்துக் கட்டிய மருமகன், மாமனார் போன அதே பாதையில்!

படேவியா அடிமைகள் என்றால் நமக்கு சம்பந்தமில்லாத விசயம்னு நினைக்காதீங்க. 1659-லிருந்து 1661 வரை தஞ்சாவூர்ச் சீமை பீஜப்பூர்ப் படையெடுப்பில் சீரழிந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு துறைகளில் கம்பெனி வாங்கிய ஆட்கள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பகுதி இலங்கைக்கு, ஒரு பகுதி படேவியாவுக்கும் மலாக்காவுக்கும். 'க்ராஸ்பூகோல்' எழுதப்பட்டது அதுக்கு நூறு வருசத்துக்கும் மேலே கழிச்சு. நம்ம சனங்களின் பேரன் பேத்திகள் அந்த நகரத்துக்குள் எங்கே எப்படிக் கரைஞ்சு போனாங்களோ.

வில்லெம் 1784-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலோடு கடலில் போய்விட்டார். ஆனா மகன் டிர்க் இருந்தாரே. கரோலினாவின் மகன், ஒன்னோ ஸ்வீரின் பேரன். இவரும் கம்பெனி வேலையில் ஜாவா போனார். மேலதிகாரிகளோடு மோதினார், 1798-ல் கைது செய்தார்கள், தப்பி ஐரோப்பா வந்தார். வந்து ஜாவா நிர்வாகத்தையே மாத்தணும்னு திட்டம் எழுதினார். அப்பாவின் குறுநாவலை எடுத்து நாடகமாக்கினார். 1801 மார்ச்சில் ஹேக் நகர மேடையில் 'க்ராஸ்பூகோல்' ஏறியது. அரங்கத்தில் பாதிக்கு மேல் கிழக்கிந்தியப் பணத்தில் வாழ்ந்தவர்கள். விசிலும் ஊளையும் போட்டு நடத்த விடாமல் கலாட்டா பண்ணினார்கள். கம்பெனி 1799 கடைசியோடு மூடியாச்சு, ஆனாலும் அவங்களுக்குக் கோபம் போகலை.

தாத்தா எந்த ஊரிலிருந்து அவமானத்தோடு துரத்தப்பட்டாரோ, அதே ஊர். நடுவில் 41 வருசம். கரோலினா அப்போது உயிரோடுதான் இருந்தார், 1812 வரை வாழ்ந்தார். அப்பாவுக்கு எதிராகப் பேசியவர், கணவர் அடிமைகளைப் பத்தி எழுதினதையும் மகன் நாடகத்துக்கு ஊளை விழுந்ததையும் பார்க்கிற அளவுக்கு வாழ்ந்தவர். இந்த மூணு ஆண்களைப் பத்தியும் புத்தகம் புத்தகமாக இருக்கு. எனக்கு அந்த அம்மாவைப் பத்தி ஒரு முழு நூல் படிக்கணும்னு ஆசை.

'ஆகோன்' இணையத்தில் டச்சு இலக்கிய எண்ணிம நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய எழுத்துக்கூட்டல், முதல் ரெண்டு பக்கம் பல்லை உடைக்கும். ஆகோனின் நீள நீளப் பேச்சுகளைப் பொறுமை இருந்தா படிங்க. இல்லைனா நேரா ஃபாத்திமா பேசுகிற இடங்களுக்குப் போயிடுங்க.